சந்தனம் படாத முனை

அத்தியாயம் ஆறு

தாமரைச்செல்வியை மில் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள்.

கேட்டுக்கு உள்ளே வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் ஒரு காலி நாற்காலியும் இருந்தது. மூன்று வருஷமாக அந்த நூல் மில்லின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவள், சமயநல்லூர் மெயின் ரோட்டில் லாரிப் புழுதியைச் சுவாசித்துக்கொண்டு நின்றாள்.

மொக்கையண்ணன் மொபெட்டை அவள் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, கருவாடு காயப்போட்ட மாதிரி நிக்கிற? உள்ள நெழலு சும்மாதான கெடக்கு."

"அந்த நெழலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லையாம்ணே. வாட்ச்மேன் சொல்லிட்டாரு."

"அப்ப மரத்த வெளிய வரச் சொல்லுவோம்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. மொக்கையண்ணனுக்குக் கோபம் ஏற ஏறத்தான் வாயில் ஜோக் வரும். தாமரை அவருக்குச் சித்தப்பா மகள், எழுமலைக்காரி. அன்று காலையிலிருந்து அவர் ஜோக்கை நிறுத்தவே இல்லை.

எனக்கு அப்படியெல்லாம் வராது. வில்லாபுரத்தில் மாமா நடத்தும் துப்பறியும் ஆபீஸை, அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான் கவனித்துக்கொள்கிறேன். மொக்கையண்ணன் எனக்கு உதவியாளர். எங்களுக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயமானதா என்கிற விசாரணைகள். சாயங்காலம் நெட்வொர்க்கிங் வகுப்புக்குப் போகிறேன். அங்கே தாமரைக்குப் பின் பெஞ்ச் என்னுடையது. நான் எழுதி எழுதிப் படிப்பதை அவள் ஒரு தடவை காதில் வாங்கியே முடித்துவிடுவாள். அவள் பார்த்த வேலையை நான் சரிபார்க்கப் போகிறேன் என்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஆயுத பூஜை முடிந்து, விஜயதசமியன்று காலை மில் ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டர்களைப் போட்டவுடன் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது. எடைமேடைக் கணக்கு பில்லிங்குக்கு வரவில்லை, பில்லிங் ஸ்டோருக்குப் போகவில்லை. தீபாவளிக்கு நூல் ஏற்ற வந்த லாரிகள் ரோடு வரை நின்றன. லீவு முடிந்து ஊரிலிருந்து ஓடிவந்த தாமரையை, அந்த நெட்வொர்க்கை முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்றாலும், மேனேஜர் சந்தேகப்பட்டுக் கேட்டிலேயே தடுக்கச் சொல்லிவிட்டார். மூன்று நாள் கழித்து டவுனிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் கம்ப்யூட்டர் அறையில் கூடுதலாக ஒரு கேபிள் சொருகியிருப்பதைக் கண்டுபிடித்தார். மேனேஜர் வெங்கடேஷ்பாபு அதற்கு உடனே 'சதி' என்று பெயர் வைத்தார்.

காரணமும் அவரே வைத்திருந்தார். வேலைக்குச் சேரும்போது தாமரையின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி மில் பீரோவில் பூட்டியிருந்தார்கள். இப்போது அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஒரிஜினல்களோடு போய் நிற்க வேண்டும். பூஜைக்கு முந்தின வாரம் அதைக் கேட்டு மேனேஜரோடு சத்தம் போட்டிருந்தாள். அந்த ஆத்திரத்தில் செய்துவிட்டாள் என்றார்.

"ஆத்திரத்துல நான்தான் செஞ்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா சர்டிபிகேட்டக் குடுத்துருவாகளாம்," என்றாள் தாமரை. "போடலன்னா போலீஸ் கேஸாம். கேஸு இருக்கிறவளுக்கு எவன் வேலை தருவான்? கையெழுத்துப் போட்டாலும் அந்தக் காயிதம் இவுக கையில. எங்கிட்டுப் போனாலும் இவுக பிடியிலதான் நான் நிக்கணும்."

அன்று புகாரை எழுதிக்கொள்ள எஸ்.ஐ. வந்திருந்தார். எழுதுவதற்கு முன் அந்தப் பெண் தரப்பில் யாராவது வந்து பார்க்கட்டும் என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் எங்களையும் அந்த வெயிலில்தான் நிறுத்தியிருப்பார்கள்.

நான் நோட்டை எடுத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டேன்.

"அந்தக் கேபிளை நீ சொருகலையே?"

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த வெயிலே தேவலை.

"நீயும் கேக்குற."

"கேட்டாத்தான் எழுத முடியும்."

"எழுதிக்க. சொருகல. அதோட ஒரு முனையப் புடுங்கிவிட்டதே நான்தான். முன்னாடி ரெண்டு கேபிளும் மாட்டியிருந்துச்சு. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கட்டும்னு வச்சது. ஸ்விட்ச்சுல காவல் இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல. பூசைக்கு முன்னாடி ஒரு தடவை நான் லீவுல இருந்தப்ப யாரோ அந்தக் காவல எடுத்துட்டாக. யாருன்னு கேட்டேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல. பாஸ்வேர்டையும் மாத்தி வச்சதுல என்னால திரும்பப் போட முடியல. காவல் இல்லாம ரெண்டு கேபிள் இருந்தா ஆபத்துன்னு ஒரு முனையக் கழட்டி ரேக்குக்குப் பின்னாடி விட்டேன். பூசைக்குத் தொடச்சு வச்சப்பவும் அது பின்னாடிதான் கெடந்துச்சு."

"பூஜைக்கு இருந்தியா?"

"பொரி, சுண்டல் வாங்குற வரைக்கும் இருந்தேன். முதலாளி அறையப் பூட்டினாரு. நான் எழுமலை பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

மொக்கையண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் தலையில் போட்டார். பிறகு நாங்கள் உள்ளே போனோம்.

ஆபீஸ் மாடியில் இருந்தது. படியில் ஏறும்போது அவர் கேட்டார்.

"கேபிளு, காவலுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசுறதுல எனக்குக் கேபிள் டிவி மட்டுந்தான் தெரியும் மேடம். மேல போறதுக்குள்ள எனக்கு வெளங்கணும்."

"ஸ்விட்ச்னா ஒரு பெட்டி. எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் அதுல வந்து சேரும். 'எல்லாருக்கும்'னு ஒரு சேதி வந்தா, வந்த துளையைத் தவிர மத்த எல்லாத் துளையிலயும் அது அனுப்பும். இங்க அப்படி ரெண்டு பெட்டி. ரெண்டையும் ஒரு கேபிள் இணைக்குது. இன்னொரு கேபிளும் போட்டா, மேல்பெட்டி அனுப்பின சேதி கீழ்பெட்டிக்குப் போயி, அந்த இன்னொரு கேபிள் வழியா மேல்பெட்டிக்கே திரும்பி வரும். அது புதுச் சேதின்னு நெனச்சு மறுபடி எல்லாருக்கும் அனுப்பும்."

"மாசி வீதியச் சுத்துற சப்பரம் மாதிரி."

"சப்பரம் சுத்தி முடிச்சு நிக்கும். இது நிக்காது. பழசு சுத்திக்கிட்டே இருக்க, புதுசு புதுசா வந்து சேரும். கொஞ்ச நேரத்துல வீதி முழுக்கச் சப்பரம்தான். பால்காரர்கூட நுழைய முடியாது."

"அப்ப முக்குல ஒரு போலீஸ்காரர் வேணும்."

"இருந்தாரு. அதைத்தான் தாமரை காவல்ங்கிறா. ஸ்பேனிங் ட்ரீன்னு பேரு. ரெண்டு பெட்டியும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டு, சுத்துப்பாதை இருக்குன்னு தெரிஞ்சா ஒரு கேபிளை அடைச்சு வச்சிரும். ஓடுற கேபிள் அறுந்தா மட்டும் அடைச்சதைத் திறந்துவிடும்."

"அம்புட்டு நல்ல மனுசன எவன் வீட்டுக்கு அனுப்புனான்?"

அதைத்தான் நானும் நோட்டில் முதல் கேள்வியாக எழுதியிருந்தேன்.

கம்ப்யூட்டர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நாற்காலியில் எஸ்.ஐ. முத்திருளன், மடியில் எழுதும் அட்டையோடு. ஜன்னலோரம் முதலாளி முத்துப்பாண்டி, நெற்றி நிறையச் சந்தனம், வெள்ளை வேட்டி. ரேக்கின் முன்னால், கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் போல, மேனேஜர் வெங்கடேஷ்பாபு.

"வாங்க," என்றார் மேனேஜர். "எதையும் தொடக் கூடாது. இன்ஜினியர் கண்டுபிடிச்ச அன்னைக்கே அவசரமான கம்ப்யூட்டருக்கு மட்டும் புது வயர் இழுத்து வேற பெட்டிக்கு மாத்திட்டேன். இதை அப்படியே வச்சிருக்கேன். இது எவிடன்ஸ்."

அந்த வார்த்தையை அவர் ருசித்துச் சொன்னார்.

ரேக்கில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ஸ்விட்ச்சுகள். இரண்டின் முகத்திலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை சந்தனப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. பூவின் காம்பு மட்டும் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போட்டுக் காட்ட முடியுமா?" என்றேன்.

மேனேஜர் போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டிகளிலும் இருந்த சின்ன விளக்குகள் எல்லாம் ஒரே துடிப்பாக, நிறுத்தாமல், வெறிபிடித்த மாதிரி மின்ன ஆரம்பித்தன. நல்ல நெட்வொர்க்கில் அவை ஆளுக்கொரு நேரம் மின்னும்.

"தீபாவளி சீரியல் லைட்டு மாதிரில்ல இருக்கு," என்றார் எஸ்.ஐ.

"லாரிக்காரன் வயித்தெரிச்சல் சார் அது," என்றார் மொக்கையண்ணன்.

சம்பந்தமில்லாத ஒரு வயரை மேல்பெட்டியிலிருந்து கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன். மேனேஜர் மாட்டியதும் அந்தத் துளையின் விளக்கு நேராகப் பச்சையானது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவல் இருக்கும் பெட்டியில் அது முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அரை நிமிஷம் சுற்றுமுற்றும் கேட்டு, சுற்றுப்பாதை இல்லை என்று தெரிந்த பிறகுதான் பச்சைக்கு வரும்.

"ஆரஞ்சே வரலையே," என்றேன், எனக்கு நானே.

மேனேஜருக்கு முகம் மலர்ந்தது.

"அதெல்லாம் முன்னாடிம்மா. காலைல சிஸ்டத்தைப் போட்டா அரை நிமிஷம் முழிச்சுக்கிட்டு நிக்கும். முதலாளி ரூம்லயும் அதே கதை. அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன், முடியாதுன்னுட்டா. அவ லீவுல போனப்ப வயரிங் ஆளைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்லிட்டேன். இப்பப் பாருங்க, டக்குன்னு."

நான் எழுதிக்கொண்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது. அடுத்த பக்கத்தில் எழுதினேன்.

"பிரேக்கு இருந்தா வண்டி நிக்குதுன்னு பிரேக்கக் கழட்டி வச்சுட்டீக," என்றார் மொக்கையண்ணன். "எங்க ஊர்ல ஒருத்தன் அப்படித்தான் செஞ்சான். இப்ப நல்லாருக்கான், ஒரு கால் மட்டும் இல்ல."

"இவர் யாரு?" என்றார் மேனேஜர்.

"என் அசிஸ்டெண்ட்," என்றேன். அதற்கு முன் அதை அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

இதனால் தாமரை தப்பிவிடவில்லை. காவலை எடுத்தது மேனேஜர் என்றாலும், கேபிளைச் சொருகியது யார் என்று கேட்டால் மறுபடியும் விரல் கேட்டைத்தான் காட்டும். நான் கீழ்பெட்டியின் முன் உட்கார்ந்து இடது ஓரத்திலிருந்து துளை துளையாகப் பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் மேனேஜர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

வராந்தாவில் அவர் குரலைத் தாழ்த்தினார். பாஷையையும் மாற்றினார். எங்கள் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர பாஷை. அறைக்குள் இருந்த ஒருவருக்கும் அது புரியாது.

"உங்க அம்மாவும் என் வீட்டுக்காரியும் ஒண்ணா கோயிலுக்குப் போறவங்க. அந்த உரிமையில சொல்றேன். இதை இத்தோட விட்டுரும்மா. தோண்டினா பெரிய இடத்துல போய் முட்டும். அந்தப் பொண்ணைக் கையெழுத்துப் போடச் சொல்லு, சர்டிபிகேட்டை இன்னைக்கே வாங்கித் தாரேன். அவ ஊரைவிட்டுப் போறவ. நாம இங்கதான பொழைக்கணும்."

நம் பாஷையில் சொன்னால் நம்மோடு நிற்கும் என்ற அந்த நம்பிக்கையில்தான் நானும் வளர்ந்திருக்கிறேன். கல்யாண விசாரணைகளில் அது எனக்கு எத்தனையோ கதவுகளைத் திறந்திருக்கிறது. அம்மாவின் முகம் ஒரு கணம் வந்துபோனது. கூடவே, தலையில் துண்டோடு கேட்டில் நிற்கிறவளும் வந்தாள்.

"நான் இன்னும் பார்த்து முடிக்கல சார்," என்று தமிழில் சொன்னேன், அறைக்குள் கேட்கும்படி. எஸ்.ஐ. அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எந்தத் துளை வரை பார்த்தேன் என்பது மறந்துபோனதால் முதலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

சந்தனப் பட்டை ஒரு ரோடு மாதிரி பெட்டியின் முகத்தில் ஓடியது. வழியில் இருந்த பிளக்குகளின் முதுகில் ஏறி இறங்கிப் போயிருந்தது. காலியாக இருந்த துளைகளின் விளிம்பில் வழிந்து காய்ந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் ரோடு அறுந்திருந்தது. அங்கே சொருகியிருந்த பிளக்கின் முதுகு கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றிச் சந்தனம் பொருக்குப் பொருக்காக உடைந்து, கொஞ்சம் துளைக்குள்ளும் தள்ளப்பட்டிருந்தது. அதுதான் அந்தக் கேபிள். மேல்பெட்டியில் இருந்த அதன் மறுமுனையின் முதுகில் சந்தனம் இருந்தது.

சரிதானா? சந்தனம் தானாக உதிர்ந்திருக்கலாம். பக்கத்துப் பிளக்கின் மேல் நகத்தால் சுரண்டினேன். சிமெண்ட் மாதிரி ஒட்டியிருந்தது. அப்போதும் எனக்கு நிச்சயமில்லை. என்ன பார்த்தேன் என்று சொல்லாமல் மொக்கையண்ணனைக் கூப்பிட்டேன்.

"இந்த வரிசையைப் பாருங்கண்ணே. யாராவது வித்தியாசமா இருக்காங்களா?"

அவர் குனிந்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தா இருக்கான் ஒருத்தன். பூசைக்கு வராமப் பந்திக்கு மட்டும் வந்திருக்கான்."

நான் எழுந்தேன். முதலில் முதலாளியிடம் போனேன்.

"சார், பூஜை முடிஞ்சு இந்த அறையைப் பூட்டினது யாரு?"

"நாந்தேன்," என்றார் முத்துப்பாண்டி. "ஆயுத பூசைக்கு வச்ச சாமான மறுநா வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதுல்ல. பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன்."

"வேற சாவி?"

"கெடையாது."

"மறுநாள் திறந்தது?"

"நாந்தேன். காலையில மறுபூசை முடிச்சு, சூடங் காட்டி, அப்புறந்தேன் வேலைக்காரவுக வந்து கம்பூட்டரப் போட்டாக."

"எழுதிக்கங்க சார்," என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஒரு எஸ்.ஐ.க்கு உத்தரவு போட்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவர் எழுதிக்கொண்டார்.

அவரை ரேக்கின் முன் உட்காரச் சொன்னேன். அறுந்த இடத்தைக் காட்டினேன்.

"சந்தனம் பூசுறதுக்கு முன்னாடி சொருகியிருந்தா இந்தப் பிளக் மேலயும் பட்டை இருக்கணும். பூசின உடனே ஈரத்துல சொருகியிருந்தா இழுகியிருக்கும். இது உடைஞ்சிருக்கு. நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் சொருகியிருக்காங்க. தாமரை துடைச்சு வச்சது பூஜைக்கு முன்னாடி. பூஜை முடிஞ்சதும் அறை பூட்டியாச்சு, சாவி சாரோட இடுப்புல. அவ எழுமலை பஸ்ல."

எஸ்.ஐ. மூக்கு தொடுகிற தூரத்தில் பார்த்தார். ஒரு பொருக்கை விரலில் எடுத்து நசுக்கினார்.

"அப்ப மறுநாக் காலையில," என்றார்.

"மறுநாள் காலையில, அறையைத் திறந்ததுக்கும் கம்ப்யூட்டர் போட்டதுக்கும் நடுவுல."

"உள்ள யாரு இருந்தா?"

"அதைத்தான் கேட்கணும். காவலை எடுத்தவர், அந்தப் பெண்ணைக் கேட்டிலேயே நிறுத்தச் சொன்னவர், இதை விட்டுரும்மான்னு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னவர்." நான் வெங்கடேஷ்பாபுவைப் பார்த்தேன். "நீங்க இருந்தீங்க சார். நீங்கதான் சொருகினீங்க."

மேனேஜர் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. கண் மட்டும் ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தது.

"ஏம்மா," என்றார் ஜன்னலோரம் நின்ற முதலாளி. "அந்த வயரா? அத நான்ல எடுத்து வச்சேன்."

நான் ரேக்கைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டிகளின் விளக்குகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.

"மறுபூசைக்குத் தொறந்து உள்ள வாரேன், வயரு பின்னாடியிருந்து சரிஞ்சு தரையில கெடக்கு. என் காலு பட்டுருச்சு. பூசை வச்ச சாமானு, கால்ல மிதிபடலாமா? தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, காலியாக் கெடந்த ஓட்டையில பதனமா வச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன?" அவர் உண்மையாகவே கேட்டார். "வெங்கடேசு பக்கத்துலதான தட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நீ சொல்லுப்பா."

நான் செய்தது தப்பு. நோட்டில் மேனேஜர் பெயரைச் சுற்றி வட்டம்கூடப் போட்டிருந்தேன். வட்டத்தை அடித்தேன். அடித்த பிறகுதான் வராந்தாவில் கேட்ட வாக்கியத்தின் அர்த்தம் முழுசாகப் புரிந்தது. அந்தப் பெரிய இடம் வெள்ளை வேட்டியோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் சொருகவில்லை. சொருகியதைப் பார்த்திருந்தார். இன்ஜினியர் அந்தக் கேபிளைத் தொட்டுக் காட்டிய நிமிஷத்திலேயே அது யார் கை என்று இவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே போலீஸைக் கூப்பிட்டிருந்தார்.

"வராந்தாவுல என்கிட்ட நம்ம பாஷையில ஒண்ணு சொன்னீங்களே சார்," என்றேன். "அதைத் தமிழ்ல சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல.

"சரி, நானே சொல்றேன்." சொன்னேன். பெரிய இடத்தில் போய் முட்டும் என்பதையும், அவ ஊரைவிட்டுப் போறவ என்பதையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

முதலாளியின் கை வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டது. எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"முதலாளி கை பட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு நான் எந்த வாயால சார் சொல்றது?" என்றார் வெங்கடேஷ்பாபு. "சாமி காரியம் வேற."

"அதனால அவ கைன்னு சொன்னீங்க."

"அவளுக்குத்தான் வேற வேலை இருக்கே..."

"வேற வேலை இருக்குன்னா வேற கழுத்தும் இருக்குன்னு நெனச்சுட்டீகளோ," என்றார் மொக்கையண்ணன். இந்தத் தடவை அதில் ஜோக் இல்லை.

"அந்த அரை நிமிஷம் உங்களுக்குப் பொறுக்கல," என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "அந்தக் காவல் இருந்திருந்தா சார் எந்த ஓட்டையில எதைச் சொருகியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. பெட்டியே அதை அடைச்சு வச்சிருக்கும். அது போகட்டும். அவளை உள்ள விட்டிருந்தா வந்த உடனே கண்டுபிடிச்சிருப்பா. மூணு நாள் லாரி நின்னது கேபிளால இல்ல சார்."

எஸ்.ஐ. பேனாவை மூடினார்.

"இப்ப நான் கம்ப்ளெய்ண்ட்ட யாரு பேர்ல எழுதட்டும்?" என்று முதலாளியைக் கேட்டார்.

முத்துப்பாண்டி முதலில் மேனேஜரைத் திட்டினார். சத்தமாக, கீழே எடைமேடை வரை கேட்கும்படி திட்டினார். அது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நார்மலாகிவிட்டார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"கம்ப்ளெய்ண்ட்டெல்லாம் வேணாம். ஏதோ நடந்துபோச்சு. அந்தப் பிள்ளைய உள்ள வரச் சொல்லு. திங்கக்கெழமையில இருந்து வழக்கம்போல வேலைக்கு வரட்டும்."

மொக்கையண்ணன் இறங்கிப் போய் அவளைக் கூட்டிவந்தார். தாமரை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். துண்டு இன்னும் தலையில் இருந்தது. நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவள் முதலாளியைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், துடிக்கும் விளக்குகளைப் பார்த்தாள். போய்க் கரண்டை அணைத்தாள்.

"வேலைக்கு வரல," என்றாள். "சர்டிபிகேட்டக் குடுங்க."

பீரோ திறந்தது. ஃபைல் வந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, டிகிரி. எல்லாவற்றின் இடது ஓரத்திலும் இரண்டிரண்டு ஓட்டைகள். டிகிரியில் ஓர் ஓட்டை அவள் பெயரின் முதல் எழுத்தைத் தின்றிருந்தது.

"ஒரிஜினல்ல பஞ்ச் பண்ணியிருக்கீக," என்றாள்.

"ஃபைல்ல நிக்கணும்ல..." என்று ஆரம்பித்த மேனேஜர், எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தாமரை சான்றிதழ்களை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அதிலும் தப்புக் கணக்குதான் போட்டிருந்தேன். அவள் முதலாளியின் மேஜையிலிருந்து மில் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எம்மேல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க. சென்னையில இங்கிட்டு போன் போட்டு விசாரிப்பாக. அப்ப வேற கதை சொல்லக் கூடாது."

"நான் எழுதுறேன்," என்று மேனேஜர் பேனாவை எடுத்தார்.

"நீங்க வேணாம். சொருகின கை எழுதட்டும்."

முத்துப்பாண்டி எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார். முதலாளி உட்கார்ந்து எழுதினார். எழுதியதைத் தாமரை வாசித்தாள்.

"'கேபிள் தவறுதலாக இணைக்கப்பட்டுவிட்டது. இதில் தாமரைச்செல்வி மீது குற்றம் இல்லை.' யாரு இணைச்சான்னு இல்லையே?"

"அதான் உம்பேர்ல குத்தமில்லன்னு போட்டாச்சே தாயி."

"என்னைச் சொல்லும்போது பேரு போட்டுத்தான சொன்னீக? அப்பா பேரு, ஊரு பேரு எல்லாம் போட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டீக. இதையும் பேரு போட்டே எழுதுங்க."

முதலாளி தாளைத் திரும்ப வாங்கினார். நெற்றிச் சந்தனத்தில் வியர்வை கோடு கிழித்து இறங்கியது. பிறகு எழுதினார். முத்துப்பாண்டி ஆகிய என்னால், என்று ஆரம்பித்து, விஜயதசமிக் காலை, மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். வெறும் முத்துப்பாண்டி என்று கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

தாமரை குனிந்து கடைசி வரி வரை வாசித்தாள். தாளைத் திருப்பி அவர் பக்கமே வைத்தாள்.

"இனிஷியல்," என்றாள்.